காளீஸ்வரி துடைத்த கன்னம்

காரைக்குடியில் கேமரா தூக்குகிறவர்களில் காளீஸ்வரியிடம் திட்டு வாங்காதவன் ஒருவனும் கிடையாது. அதிகம் வாங்கியவன் நான்தான். செஞ்சையில் ரேஷன் கடைக்கு இரண்டு வீடு தள்ளி, ஓட்டு வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஆறு ஸ்டூடியோக்காரர்களின் தப்பை அழித்துக்கொண்டிருப்பவள் அவள். தப்பு என்று நான் சொல்வது ஃபிளாஷ் செய்கிற தப்பை.

கல்யாண வீட்டில் கூட்டம் இடிக்கும். மேடைக்கு முன்னால் கிடைத்த இடத்தில் நின்று, நேராக முகத்தில் ஃபிளாஷை அடித்துவிட்டு வந்துவிடுவோம். ஸ்டூடியோவில் வந்து பெரிதாக்கிப் பார்த்தால் மணப்பெண்ணின் நெற்றி வெளுத்துப்போய் மினுங்கும். மூக்கு நுனியில் தோலே இருக்காது, வெறும் வெள்ளைதான். பார்லரில் அப்பிவிட்ட பவுடர் அரிசி மாவாகத் தெரியும். மாமனாரின் மூக்குக்கண்ணாடியில் இரண்டு வெள்ளை வட்டம். அதற்குள் கண் இருக்கிறதா இல்லையா என்பது அவருக்கே வெளிச்சம். இதையெல்லாம் படம் படமாக எடுத்து, பக்கத்துத் தோலின் நிறத்தையும் அதன் நுண்ணிய துளைகளையும் கொண்டுவந்து நிரப்பி, முகத்தைத் திரும்பவும் முகமாக்குவதற்கு எங்கள் பாஷையில் டச்சிங் என்று பெயர். வேலை அவளுடையது. ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மக்கள் பாராட்டுவது எங்களை. நாங்களும் கூச்சமில்லாமல் தலையை ஆட்டுவோம்.

அவளுடைய வாய்ஸ் மெசேஜ் காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடும். "சேவுகண்ணே, பொண்ணு நெத்தியில தோசை ஊத்தலாம் போல இருக்கு. நேரா மூஞ்சியில அடிக்காதீக, மேல சீலிங்ல அடிச்சுத் திருப்புங்கன்னு எத்தன தடவ சொல்றது? கை வலிக்குதா, புத்தி வலிக்குதா?" நான் சேவுகப்பெருமாள், செக்காலை ரோட்டில் இருபத்தாறு வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறவன், ஐம்பத்திரண்டு வயதுக்காரன். என்னைவிடப் பதினாறு வயது சின்னவளான ஒருத்தி இப்படிக் கேட்கிறாள். எனக்கும் கோபம் மூக்கின் மேல்தான் இருக்கும். ஆனாலும் அவளிடம் வாயைத் திறக்க முடியாது. அவள் சொல்வது சரியாக இருக்கும்.

அவளுடைய அப்பா சந்தையில் மூட்டை தூக்கியவர். பிளஸ் டூ முடித்த கையோடு நூறடி ரோட்டில் அப்போது இருந்த ஒரு கலர் லேபில் பெருக்கித் துடைக்கவும் பிரிண்ட் வெட்டவும் சேர்ந்தாள். ஒரு தை மாதம், முகூர்த்தம் நெருக்கியடிக்கிற நேரத்தில், டச்சிங் பார்க்கிறவன் அம்மை போட்டுப் படுத்துவிட்டான். சும்மா கிடந்த நாற்காலியில் இவள் போய் உட்கார்ந்தாள். அதன்பிறகு அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்க லேப் முதலாளிக்கு மனது வரவில்லை. லேபை மூடியபோது அந்தக் கம்ப்யூட்டரை இவளே வாங்கிக்கொண்டாள். புருஷன் வேல்பாண்டி தனியார் பஸ்ஸில் டிரைவர். பெண் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். பதினேழு வருஷமாக ஊரில் பாதிப் பேரின் முகத்தை அவள் வெகு கிட்டத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். பெரும்பாலோரை நேரில் பார்த்ததே கிடையாது.

முகத்தைச் சிவப்பாக்கிக் கொடு என்று யாராவது கேட்டால் போயிற்று. அப்படிக் கேட்டு வந்த ஒரு மாப்பிள்ளைப் பையனிடம், "வெள்ளையடிக்கணும்னா சுண்ணாம்பு வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பியவள் அவள். போனில் இருக்கிற ஆப்பைக் கொண்டு எல்லாரையும் பொம்மையாக்குகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. வெளிச்சம் கெடுத்ததைச் சரி செய்வேன், முகத்தைத் திருத்த நான் யார் என்பாள்.

அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. ஒரு முகத்தைத் தொடவேண்டும் என்றால் அதே முகத்தின் மூன்று படமாவது கொடுக்க வேண்டும். லேபில் சேர்ந்த முதல் வருஷம் ஒரு பெரியவரின் படம் வந்ததாம். முன்னோருக்குப் படைப்புப் போடுகிற வீட்டில் மாட்டுவதற்காகப் பெரிது பண்ணக் கொடுத்தது. மூக்கோரத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி. ஃபிளாஷ் என்று நினைத்து இவள் எடுத்துவிட்டாள். அது அவருடைய பாலுண்ணி. பிள்ளைகள் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, இது எங்கள் அப்பச்சி இல்லை, வேறு யாரோ என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அவளாகக் கண்டுபிடித்துக்கொண்டதுதான் இந்தச் சட்டம். "ஃபிளாஷ் முகத்துல நெலையா நிக்காதுண்ணே. ஆளு லேசாத் திரும்புனா அதுவும் நகந்துரும். மூணு படத்துலயும் நகராம ஒரே எடத்துல இருந்துச்சுன்னா அது அந்த ஆளோட சொத்து. அதுல நான் கை வைக்க மாட்டேன்."

இந்தச் சட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அவளை ஏமாற்ற முடிந்தது.

போன தை மாதம் சாலா ஆச்சி தன் மகள் சௌபர்ணிகாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். அழகுசுந்தரம் செட்டியாரின் வீடு அது. அவர்கள் வீட்டு அறுபதாம் கல்யாணம், புதுமனை புகுவிழா எல்லாவற்றுக்கும் நான்தான் போட்டோ. மகளுக்கு இருபத்தேழு வயது. ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுக்கிறாள். ஜாதகத்தோடு அனுப்புகிற தாளில் கோயில் பிரிவு, ஊர், விலாசம் எல்லாம் அச்சடித்தாயிற்று, படம் மட்டும்தான் பாக்கி என்றார் ஆச்சி.

அந்தப் பெண்ணின் இடது கன்னத்தில் வெண்புள்ளி இருக்கிறது. கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடைவரை, ஒரு வெற்றிலை அகலம். நல்ல மாநிறமான முகத்தில் அது தெரியத்தான் செய்யும். அவள் அதை மறைக்க ஒன்றும் செய்யவில்லை, பவுடர்கூடப் போடவில்லை. ஆச்சி வெளியே போன் பேசப் போனபோது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, இத அழிச்சுறாதீக. அம்மா சொல்லுவாக. நீங்க அப்படியே விட்டுருங்க. பாத்துட்டு வாரவுக வரட்டும்."

"சரி ஆத்தா" என்றேன்.

ஏழு படம் எடுத்தேன். சாப்பாட்டு நேரம், மண்டபத்தில் வேறொரு வேலை காத்திருந்தது. அவசரத்தில், வெளிச்சத்தைப் பரப்பிக் கொடுக்கிற குடையைக்கூட விரிக்காமல் நேராகத்தான் ஃபிளாஷை அடித்தேன். நெற்றி ஒன்றில் மினுங்கியது, மூக்கு ஒன்றில் வெளுத்தது. கன்னத்து வெண்புள்ளி மட்டும் ஏழிலும் அதே இடத்தில் இருந்தது.

சாயங்காலம் சாலா ஆச்சி தனியாக வந்தார். வந்து அழுதார். அந்த அழுகையைப் பற்றி எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பொய்யழுகை என்று சொல்ல மாட்டேன். ஐந்து இடத்திலிருந்து ஜாதகம் பொருந்தியும், முன்பு அனுப்பிய படத்தைப் பார்த்ததும் பதில் இல்லை என்றார். நேரில் பார்த்தால் பெண்ணின் குணம் தெரியும், படிப்பு தெரியும், படம்தான் குறுக்கே நிற்கிறது என்றார். கல்யாணம் முடிவானால் இரண்டு நாள் படமும் வீடியோவும் எனக்குத்தான் என்றும் சொன்னார். அதையும் சொன்னாரே என்று எனக்கு அப்போது கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் யோசித்ததெல்லாம் காளீஸ்வரியை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பதைத்தான். மூன்று படம் போனால் அவள் தொடமாட்டாள்.

ஏழில் இருப்பதிலேயே மோசமான படத்தைத் தேடினேன். ஒன்றில் அவள் முகத்தைத் திருப்பிய நேரத்தில் ஃபிளாஷ் இடது கன்னத்தில் நேராக விழுந்திருந்தது. வெண்புள்ளியின் ஓரமெல்லாம் வெளிச்சத்தில் கரைந்து, எங்கே தோல் முடிகிறது, எங்கே ஃபிளாஷ் தொடங்குகிறது என்று பெரிதாக்கிப் பார்த்தாலும் பிடிபடவில்லை. அதை மட்டும் அனுப்பினேன். கன்னத்தில் ஃபிளாஷ் அடித்துவிட்டது, எடுத்துவிடு என்று கீழே எழுதினேன்.

ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது.

"மத்த படம் எங்கண்ணே?"

"கேமரா கார்டு கெட்டுப்போச்சும்மா. இது ஒண்ணுதான் மிஞ்சுச்சு."

"கன்னம் பூராப் போயிருக்கே. இம்புட்டா அடிக்கும்?"

"பக்கத்துல நின்னுட்டேன். அவசரம். ஆச்சி காலைலயே கேக்குறாக."

படத்தைப் பெரிதாக்குகிற மவுஸ் சத்தம் கேட்டது. பிறகு திட்டினாள். பதினேழு வருஷத்தில் அத்தனை மோசமாகத் திட்டியதில்லை. ஃபிளாஷைப் பிடிக்கத் தெரியாதவன் எதற்கு ஸ்டூடியோ வைத்திருக்கிறான் என்றெல்லாம் கேட்டாள். நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். அவள் திட்டுகிறாள் என்றால் நம்பிவிட்டாள் என்று அர்த்தம்.

காலையில் படம் வந்தது. வலது கன்னத்தின் தோலை எடுத்து இடது கன்னத்தை நிரப்பியிருந்தாள். சும்மா ஒட்டவில்லை, வெளிச்சம் வருகிற பக்கத்துக்குத் தக்கபடி நிறத்தை ஏற்றி இறக்கி, காதோரத்து மெல்லிய முடியைக்கூட விடாமல் செய்திருந்தாள். அது டச்சிங் என்று ஆண்டவனே வந்தாலும் சொல்ல முடியாது. ஆச்சி படத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கீழச்சிவல்பட்டியில் இருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்குப் பெங்களூரில் வேலை. படத்தைப் பார்த்ததும் பிடித்துவிட்டதாம். கோவிலூர் கோயிலில் வைத்துப் பெண் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. நான் போகவில்லை. அன்று மத்தியானமே சாலா ஆச்சி போன் செய்தார். பையனின் அத்தை மீனம்மாள் பிரகாரத்திலேயே படத்தை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இது மோசடி என்று சத்தம் போட்டிருக்கிறார். டச்சிங் செய்கிற பெண் அவளாக அழித்துவிட்டாள், எங்களுக்குத் தெரியாது என்று ஆச்சி சொல்லிவிட்டாராம். யார் அந்தப் பெண் என்று அவர்கள் கேட்கிறார்கள், பெயரைச் சொல்லுங்கள் தம்பி என்றார்.

சொன்னேன். காளீஸ்வரி, செஞ்சை, ரேஷன் கடைக்குப் பக்கம். யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என் பெயர் வராமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

மறுநாள், ஆச்சி அனுப்பிய படத்தையும் கோயிலில் போனில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காளீஸ்வரியின் பெயரையும் ஊரையும் போட்டு, இந்தப் பெண்ணிடம் படம் கொடுத்து ஏமாறாதீர்கள் என்று மீனம்மாள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். முந்நூறு பேர் இருக்கிற குரூப். அங்கிருந்து எத்தனை குரூப்புக்குப் போனதோ. சௌபர்ணிகாவின் கன்னத்தை ஊரே விரலால் பெரிதாக்கிப் பார்த்தது. அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு ஸ்டூடியோவில் மூன்று பேர் அன்றைக்கே காளீஸ்வரிக்குக் கொடுத்த வேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவளுடைய பிழைப்பு ஒரு நம்பிக்கையில் ஓடியது. முகத்தை அவளிடம் கொடுத்தால் முகமாகவே திரும்பி வரும் என்பதுதான் அந்த நம்பிக்கை. அது போய்விட்டால் அவளுக்கு வேறு ஒன்றும் கிடையாது.

இரண்டு நாள் அவளுடைய போனை நான் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஸ்டூடியோ திறக்கும்போது அவளே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்தவள் உட்காரவில்லை.

"கெட்டுப்போன கார்டக் காட்டுங்க."

இருபத்தாறு வருஷம் ஆட்களைச் சிரிக்கச் சொல்லியே பிழைத்தவன் நான். அப்போது எனக்குச் சிரிக்கவும் வரவில்லை, பொய் சொல்லவும் வரவில்லை.

"கார்டு கெடல" என்றேன்.

"எத்தன படம் இருக்கு?"

"ஏழு."

"தொறங்க."

ஏழையும் திறந்தேன். என்னைத் தள்ளிவிட்டு அவளே மவுஸைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏழையும் பார்த்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள்.

"ஏழுலயும் ஒரே எடத்துல இருக்கு."

"ஆமா."

"ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்மா."

நான் எதிர்பார்த்த கூச்சல் வரவில்லை. குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். அது இன்னும் பயமாக இருந்தது.

"எங்க வீட்டு வாசல்ல காரு வந்து நிக்குது. ஒரு அம்மா எறங்கி, நீதான் அந்த மோசடிக்காரியான்னு கேக்குது. என் மக ஸ்கூல் விட்டு வந்து பைய எறக்காம நின்னு கேட்டுக்கிட்டு இருக்கா. நான் ஒங்களுக்குப் போனப் போடுறேன். எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவீகன்னு. நீங்க எடுக்கல. என் பேரச் சொன்னது யாருண்ணே?"

"நான்தான்" என்றேன்.

தலையை ஆட்டினாள். நாளைக் காலையில் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்க மாப்பிள்ளை வீட்டார் அழகுசுந்தரம் வீட்டுக்கு வருகிறார்களாம், விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். "நீங்க வாரீக. வரலைன்னா இந்த லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு நான் போவேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அன்று முழுக்க எனக்கு எல்லார் மேலும் கோபம். அழுத ஆச்சி மேல், கத்திய மீனம்மாள் மேல், படத்தைப் பார்த்தே பெண்ணை முடிவு செய்கிற அத்தனை பேர் மேலும். என் மனைவி கேட்டுவிட்டு, "இத்தன பேரத் திட்டுறீகளே, அந்தப் படத்தத் தேடி எடுத்தது யாரு?" என்றாள். அதற்குப் பிறகு நான் அவளிடமும் பேசவில்லை.

மறுநாள் போனோம். முகப்பில் இரண்டு வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மீனம்மாளும் பையனும் அவன் அப்பாவும். இந்தப் பக்கம் அழகுசுந்தரமும் சாலா ஆச்சியும். சௌபர்ணிகா கதவோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எங்களுக்கு நாற்காலி இல்லை. காளீஸ்வரி அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. வழியெல்லாம் அவளே பிடித்துக்கொண்டு வந்த என் ஸ்டூடியோ லேப்டாப்பை என் கையில் கொடுத்துவிட்டு நின்றாள்.

சாலா ஆச்சிதான் முதலில் பேசினார். நெற்றி மினுமினுப்பை எடுக்கத்தான் கொடுத்தோம், இந்தப் பெண் கேட்காமல் கன்னத்தையும் அழித்துவிட்டது என்றார். பேசும்போது காளீஸ்வரியின் பக்கம் அவர் திரும்பவில்லை. அழகுசுந்தரத்துக்கு உண்மை தெரியாது என்பது அவர் முகத்திலேயே இருந்தது. அவர் காளீஸ்வரியிடம், கூலி வாங்கிக்கொண்டு ஒரு குடும்பத்து மானத்தை வாங்கிவிட்டாயே, உனக்கும் ஒரு பெண் இருக்கிறதல்லவா என்று கேட்டார்.

காளீஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணெடுக்கவே இல்லை.

"அந்தப் புள்ளை மேல தப்பு இல்லைங்க" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு படம் எடுத்தது, சாயங்காலம் ஆச்சி வந்தது, கார்டு கெட்டுப்போனதாகச் சொன்னது, பெயரைக் காட்டிக்கொடுத்தது. லேப்டாப்பைத் திறந்து ஏழு படத்தையும் வரிசையாக வைத்தேன். அழகுசுந்தரம் தன் மனைவியைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

அப்போது சௌபர்ணிகா கதவோரத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"அண்ணே, படம் எடுக்கும்போது நான் ஒங்ககிட்ட என்ன சொன்னேன்?"

"அத அழிக்காதீகன்னு சொன்னே ஆத்தா."

"நீங்க என்ன சொன்னீக?"

"சரின்னேன்."

அவ்வளவுதான் கேட்டாள். அதைவிட என் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம்.

மீனம்மாளுக்கு அது போதவில்லை. யார் அழித்தால் என்ன, வெண்குஷ்டத்தை மறைத்தது மறைத்ததுதானே என்றார். அந்த வார்த்தையை எத்தனை வீட்டில் எத்தனை பேர் இப்படி வீசுகிறார்கள். குஷ்டத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஒட்டாது, பரவாது, வலிக்கவும் வலிக்காது; தோலில் நிறம் இல்லை, அவ்வளவே. வகுப்பில் பாடம் சொல்கிற நிதானத்தோடு அதைத்தான் சௌபர்ணிகா சொன்னாள். சொல்லிவிட்டு, "என் படத்த முந்நூறு பேருக்கு அனுப்பினீகளே, அதுக்கு என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்றாள்.

ஜாதகத்தை நாற்காலியின் மேல் வைத்துவிட்டு அவர்கள் எழுந்தார்கள். பையன் வாசற்படியில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். அத்தை கூப்பிட்டதும் போய்விட்டான். அழகுசுந்தரம் என்னிடம், இனி இந்த வீட்டுப் படி ஏறாதீர்கள் என்றார். காளீஸ்வரியிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அன்றே எங்கள் போட்டோகிராபர் சங்கத்துக் குரூப்பில் நடந்ததை என் குரலிலேயே சொல்லி அனுப்பினேன். மீனம்மாளுக்கும் அனுப்பி, உங்கள் குரூப்பில் போடுங்கள் என்று கெஞ்சினேன். போடவில்லை. பழி போடுகிற செய்தி ஒரு மணி நேரத்தில் தேவகோட்டை தாண்டிவிட்டது. பழி நீங்குகிற செய்தி பக்கத்துத் தெருவுக்கே போகமாட்டேன் என்கிறது. இருந்தாலும் போன மூன்று ஸ்டூடியோவில் இரண்டு திரும்பி வந்தது. மூன்றாவது ஆள் இன்றுவரை வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, எதுக்கண்ணே வம்பு என்றான்.

ஒரு வாரம் கழித்து காளீஸ்வரி ஒரு வரி அனுப்பினாள். ஏழு படத்தையும் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவாருங்கள். நான் உடனே கிளம்பினேன். கோபம் தணிந்துவிட்டது, பழையபடி திட்டுவாள், வேலையும் நடக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அவள் பேரை நான்தானே காப்பாற்றினேன் என்று ஓர் எண்ணமும் உள்ளுக்குள் இருந்தது. அதைச் சாடையாகச் சொல்லியும் விட்டேன்.

காளீஸ்வரி நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"பதினேழு வருசமா நான் அழிச்சதெல்லாம் ஒங்க தப்பத்தாண்ணே. நெத்தியில மினுங்குறது ஒங்க தப்பு. மூக்கு வெளுக்குறது ஒங்க தப்பு. ஒரு நாளாச்சும் மொகம் சுளிச்சிருப்பேனா? வாயாலதான் திட்டுவேன், கை செஞ்சுக்கிட்டே இருக்கும். அந்தப் புள்ள கன்னத்துல இருந்தது தப்பே இல்ல. அதையும் தப்புன்னு சொல்லி என் கையில குடுத்தீக. நான் அத ராத்திரி பூரா உக்காந்து, நல்லா வந்துருக்குன்னு நானே மெச்சிக்கிட்டு அழிச்சேன். அது ஒரு உசுருள்ள புள்ளையோட தோலு. அழிச்சது என் கை. அத எப்புடிக் காப்பாத்துவீக?"

நான் மன்னிச்சிரும்மா என்றேன். அவள் பென் டிரைவை வாங்கிக்கொண்டு, இனிமேல் உங்கள் ஸ்டூடியோ படம் எதுவும் அனுப்பாதீர்கள் என்றாள். வேலை குறைவாக இருக்கும்போது ஏன் இப்படி என்று கேட்டேன். பட்டினி கிடந்தாலும் சரி என்றாள். உள்ளேயிருந்து அவள் மகள் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

இப்போது டச்சிங்குக்கு நான் மதுரைக்கு அனுப்புகிறேன். முகத்தை மெழுகிக் கொடுக்கிறார்கள். நெற்றி ஃபிளாஷும் போகிறது, நெற்றிச் சுருக்கமும் போகிறது, பாட்டிமாருக்குக் கல்லூரிப் பெண்களின் தோல் வருகிறது. வாடிக்கையாளர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது, யாரிடம் சொல்வது.

போன வாரம் சௌபர்ணிகா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வைத்திருந்தாள். அந்த ஏழில் ஒன்று. கீழே ஒன்றும் எழுதவில்லை. வேலை காளீஸ்வரியுடையது என்று பார்த்தவுடனே தெரிந்தது. நெற்றியில் மினுக்கம் இல்லை. மூக்கு நுனியில் தோல் வந்திருந்தது. கழுத்துச் சங்கிலியில் அடித்த வெளிச்சமும் அடங்கியிருந்தது. இடது கன்னத்தில் வெண்புள்ளி அதன் ஓரம் வளைவு எல்லாவற்றோடும் அப்படியே இருந்தது. அதன்மேல் விழுந்திருந்த ஃபிளாஷை மட்டும் எடுத்திருந்தாள். எனக்குத் தெரிந்து அந்த வேலையைச் செய்ய இந்தப் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது.

எங்கள் ஸ்டூடியோவிலிருந்து எந்தப் படத்தைப் பென் டிரைவில் ஏற்றினாலும் கீழ் மூலையில் என் பெயர் வெள்ளை எழுத்தில் தானாக விழுந்துவிடும். அந்த மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சேலையின் நெசவு இழை இழையாகத் தெரிந்தது. என் பெயர் அங்கே இருந்ததற்கு ஒரு தடயமும் இல்லை.